திருச்சபையில் சேராதவருக்கு மீட்பே கிடையாதா?

'திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று கத்தோலிக்கர்கள் சொல்கிறார்களே, அப்படியானால் மற்றவர்கள் கதி என்ன?' என்பது உங்கள் கேள்வி.

இந்த வாக்கியத்தின் வேர் 3ஆம் நூற்றாண்டில், கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானிடம் இருக்கிறது. அவர் மனத்தில் இருந்தது பிற மதத்தவர் அல்ல. சபையை உடைத்துக்கொண்டு போன கிறிஸ்தவர்கள்தான். பின்னாளில் இது இறுகிவிட்டது. கிறிஸ்துவுக்காக ரத்தம் சிந்தினாலும், சபைக்குள் இல்லாதவருக்கு மீட்பில்லை என்றது 1442இல் புளோரன்ஸ் சங்கம், அதாவது ஆயர்களின் பொதுக்கூட்டம்.

இதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டவர் பாஸ்டனில் இருந்த இயேசு சபைக் குருவான லெனார்டு ஃபீனி. கத்தோலிக்கத் தலைமையான ரோம் 1949இல் பாஸ்டன் பேராயருக்கு எழுதிய கடிதத்தில் ஃபீனியின் விளக்கத்தை மறுத்தது: எல்லா நேரமும் நேரடி உறுப்பினராக இருந்தாக வேண்டியதில்லை, கடவுளின் விருப்பப்படி நடக்கும் மனத்தில் மறைந்திருக்கும், சபையில் சேரும் ஆவலே போதும், ஆனால் விசுவாசமும் அன்பும் வேண்டும். ஃபீனி மசியவில்லை. ரோமுக்கு வரச் சொல்லியும் போகாததால் 1953இல் சபைநீக்கம். வெளியே மீட்பில்லை என்றவரையே வெளியே நிறுத்திவிட்டார்கள்! 1972இல் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதுதான் இன்றைய நிலைப்பாடு. தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதவர், மனசாட்சிப்படி கடவுளைத் தேடினால் மீட்படையலாம். சபை அவசியம் என்று தெரிந்தும் உதறுபவருக்கு அந்தச் சலுகை இல்லை. இந்தப் பின்பாதியைப் பலர் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

புராட்டஸ்டண்டுகள் விசுவாசம் மட்டும் போதும் என்பார்கள். இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் மனந்திரும்பி, எந்தச் சபையிலும் சேராமலே மீட்படைந்த கள்ளனைக் காட்டுவார்கள். ஆனால் அவர்களில் முக்கியமானவரான கால்வினே சபையை விசுவாசிகளின் தாய் என்றுதான் எழுதினார்.