அப்பாவின் கைநடுக்கத்துக்கு எந்த ஸ்கேன்?

கேள்வி: நாங்கள் விசுவமடுவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது, கமம் செய்கிறவர். ஒன்றரை வருடமாக வலது கை நடுங்குகிறது, நடையும் மெதுவாகிவிட்டது. கிளினிக்கில் பார்க்கின்சன் என்று சொல்லி மருந்து தொடங்கினார்கள். ஸ்கேன் ஒன்றும் எடுக்கவில்லை. மருந்துக்குக் கொஞ்சம் சுகம் தெரிகிறது. ஆனால் ரொரன்ரோவில் இருக்கும் அண்ணா, மூளையில் அசைவை நடத்த உதவும் டோபமின் என்ற இரசாயனம் குறைவதையே படமாகக் காட்டும் ஸ்கேன்கள் வந்துவிட்டன, அது எடுக்காமல் மருந்து கொடுப்பது பிழை என்கிறார். கிளிநொச்சியில் ஒருவர் எம்.ஆர்.ஐ., டோபமின் ஸ்கேன், ஸ்டெம்செல் ஊசி எல்லாவற்றையும் சென்னையில் ஒரே பக்கேஜாகச் செய்து தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்கியிருக்கிறார். மிச்சக் காசுக்கு எங்கள் உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டரை விற்கலாமா என்று பார்க்கிறோம். 2009இல் அப்பாவுக்கு ஷெல் பீஸ் பட்டது, சிலது இன்னும் உள்ளே இருக்கிறது. எந்த ஸ்கேன் எடுப்பது நல்லது?

பதில்: பிள்ளை, முதலில் லான்ட்மாஸ்டரை விற்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

ஷெல் பீஸ் விஷயத்தைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் சிவப்பு மையால் கோடு போட்டது அந்த வரிக்குத்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் அண்ணாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் வாசித்தது பொய் இல்லை. அது உங்கள் அப்பாவுக்கு எழுதப்பட்டதும் இல்லை.

பார்க்கின்சன் நோயை முதலில் ஒழுங்காக எழுதிவைத்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் வைத்தியர், 1817இல். அவர் எழுதியது ஆறே ஆறு பேரைப் பற்றி. அதிலும் சிலரைத் தெருவில் நடந்து போகும்போது பார்த்ததுதான். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் எழுபத்தெட்டு வருடம் இருந்தது. இன்றைக்கும் இந்த நோயைப் பிடிப்பது கண்ணும் கையும்தான். கையை மடியில் சும்மா வைத்திருக்கும்போது நடுக்கம் வருகிறதா, திருநீறு எடுப்பதுபோலப் பெருவிரலும் சுட்டுவிரலும் உரசிக்கொள்கின்றனவா, நடக்கும்போது ஒரு பக்கக் கை வீசாமல் தொங்குகிறதா, விரலைத் தட்டச் சொன்னால் தட்டு வரவரச் சிறுத்துப் போகிறதா, கையெழுத்துச் சின்னதாகிவிட்டதா என்று பார்க்கிறோம். ஒரு பக்கத்தில் தொடங்கி, அசைவு மெதுவாகி, மூளையில் டோபமினாக மாறும் லெவோடோப்பா மருந்துக்குச் சுகமும் தெரிந்தால், எங்களுக்கு அதுவே பெரிய சாட்சி. உங்கள் அப்பாவிடம் மூன்றும் இருக்கின்றன. கிளினிக் டொக்டர் ஸ்கேன் எழுதாதது கவலையீனம் அல்ல.

சாதாரண எம்.ஆர்.ஐ. எடுத்தால் பார்க்கின்சன்காரரின் மூளை பெரும்பாலும் வயதுக்கு ஏற்ற மூளையாகத்தான் தெரியும். அதை எடுப்பது வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க: பழைய பாரிசவாதம், கட்டி, மூளைக்குள் நீர் தேங்குவது, இப்படி. ஆரம்பத்திலேயே அடிக்கடி விழுகிறவர், மருந்துக்கு அசைந்துகொடுக்காதவர், நடுக்கம் திடீரென்று ஒரே நாளில் வந்தவர் என்றால் எடுக்கத்தான் வேண்டும்.

அண்ணா சொல்லும் டோபமின் ஸ்கேன் வேறு வகை. மெல்லிய கதிர்வீச்சுள்ள அயடின் 123 சேர்ந்த ஒரு மருந்தை இரத்த நாளத்தில் ஏற்றுவார்கள். அது மூளையில் டோபமின் நரம்பு முனைகளில் போய் ஒட்டும். மூன்று முதல் ஆறு மணித்தியாலம் கழித்துக் கமரா அதைப் படம் பிடிக்கும். சுகமான மூளையில் நடுவில் இரண்டு காற்புள்ளிகள் தெரியும். பார்க்கின்சனில் வால் அழிந்து அவை முற்றுப்புள்ளிகள் ஆகிவிடும். ஐரோப்பாவில் 2000இலும் அமெரிக்காவில் 2011இலும் இதற்கு அனுமதி கிடைத்தது. அழகான சோதனை, நானே மெச்சுவேன். ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: டோபமின் நரம்புகள் உண்மையிலேயே அழிகின்றனவா இல்லையா? பார்க்கின்சனா, அதைப் போன்ற வேறு நரம்புச் சிதைவு நோயா என்று அது பிரித்துச் சொல்லாது. எவ்வளவு மருந்து குடிக்க வேண்டும் என்றும் சொல்லாது. நடுக்கம் எந்த வகை என்று பரிசோதித்தும் பிடிபடாதபோதுதான் அது உதவி. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது மட்டும் இரண்டு கையும் நடுங்குகிறவர், அவருடைய தாய்க்கும் அப்படியே இருந்தது, கொஞ்சம் கள்ளுக் குடித்தால் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் வேறு நடுக்கம். (கள்ளை மருந்தாக எழுதித் தரவில்லை.)

இன்னும் நுட்பமான படங்களும் இருக்கின்றன. 7 டெஸ்லா என்ற அதிக பலமுள்ள எம்.ஆர்.ஐ. காந்தம், மூளையில் கறுப்பு நிறமி குறைவதை அளக்கும் எம்.ஆர்.ஐ., கதிர்வீச்சு மருந்தை ஏற்றி டோபமின் உற்பத்தியைக் காட்டும் பெட் படம் என்று. அண்ணா வாசித்தது அநேகமாக இவற்றைப் பற்றி. இவை பெரும்பாலும் ஆராய்ச்சிக் கருவிகள். நாற்பது நோயாளர், நாற்பது சுகதேகிகள் என்று இரண்டு கூட்டத்தை எடுத்து, சராசரியில் என்ன வித்தியாசம் என்று பார்ப்பார்கள். நோயாளர் முதல் நாள் இரவிலிருந்து மருந்தை நிறுத்திவிட்டு வந்து, தலையை அசைக்காமல் முக்கால் மணித்தியாலம் படுத்திருப்பார். நோய் எப்படி வருகிறது, எப்படிப் பரவுகிறது, புதிய சிகிச்சை வேலை செய்கிறதா என்பதையெல்லாம் இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் கூட்டத்துக்குப் பொருந்தும் சராசரி, விசுவமடுவில் வயல் செய்யும் ஒரு மனிதருக்கு அடுத்த மாதம் என்ன குளிசை என்று சொல்லாது. பெட் படத்துக்கு ஏற்றும் புளோரின் 18 என்ற கதிர்வீச்சுப் பொருள் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். கொழும்பில் அதைச் செய்து ஏ9 வீதியால் ஆறு மணித்தியாலம் கொண்டுவந்தால் கிளிநொச்சியில் இறங்குவது பத்தில் ஒரு பங்குதான். படம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதைச் செய்கிற வசதி வேண்டும் என்பது அதனால்தான்.

ஸ்டெம்செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், அந்த ஊசிக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் வருவதற்கு முன். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2018இல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். ஏழே ஏழு நோயாளர். ஸ்டெம்செல்லிலிருந்து வளர்த்த செல்களைக் கையில் ஊசியாக ஏற்றவில்லை, மண்டையோட்டில் துளையிட்டு மூளைக்குள் வைத்தார்கள். பிறகு இரண்டு வருடம் பின்தொடர்ந்து, அவை டோபமின் செய்கின்றனவா என்று பெட் படத்தில் பார்த்தார்கள். அந்தப் படங்களுக்குச் சரியான உபயோகம் அது. கிளிநொச்சியில் ஒருவர் பக்கேஜில் போட்டுத் தருவது எதுவாக இருந்தாலும் இது இல்லை. நரம்பில் சேலைன் ஏற்றுவதுபோல ஸ்டெம்செல் ஏற்றினால் பார்க்கின்சன் மாறும் என்று எந்த நல்ல ஆய்வும் காட்டவில்லை.

இந்தத் தரகர்கள் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ.க்குக் காலபோகம் விதைக்கும்போது பெயர் பதிந்தால், சிறுபோகம் வெட்டும்போதுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்ட அன்றைக்கு இயந்திரம் பழுது, உதிரிப்பாகத்துக்கு டெண்டர் போட்டிருக்கிறது என்பார்கள். கிளினிக்கில் ஒரு டொக்டர், வாங்கில் நூற்றிருபது பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். 2022க்குப் பிறகு எத்தனை பேர் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், அவர்களில் நான் பழக்கிவிட்ட பிள்ளைகளும் உண்டு. மூன்று நிமிடத்தில் நோயின் பெயரைச் சொல்லலாம், விளக்கம் சொல்ல முடியாது. அந்த விளக்கத்தைத் தரகர் கதிரை போட்டு உட்காரவைத்துச் சொல்கிறார். அதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

சரி, ஷெல் பீஸ்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெரிய காந்தம். அதை நிறுத்துவது கிடையாது, படம் எடுக்காதபோதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஷெல் துண்டு அநேகமாக இரும்பு. “படம் தலைக்குத்தானே, பீஸ் தொடையில்தானே இருக்கிறது” என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். தலைக்கு எடுத்தாலும் ஆள் முழுதாகத்தான் அந்த அறைக்குள் போகிறார். காந்தத்தின் இழுவை மிகக் கடுமையாக இருப்பதும் ஆள் படுக்கும் அந்தக் குகையின் நடுவில் அல்ல, அதன் வாசலில்.

அதற்காக, பீஸ் உள்ள எவருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்று இல்லை. இதைப் பிழையாக விளங்கிக்கொண்டு, தேவையான ஸ்கேனையும் வேண்டாம் என்று வீட்டில் இருந்தவர்களைக் கண்டிருக்கிறேன். தொடைச் சதையிலோ முதுகுச் சதையிலோ பத்துப் பதினைந்து வருடமாகக் கிடக்கும் துண்டைச் சுற்றித் தழும்புச் சதை வளர்ந்து இறுக்கிப் பிடித்திருக்கும். பல நேரம் அது அசையாது, எடுக்கலாம் என்று கதிரியல் நிபுணர் முடிவு செய்வார். கண் அப்படி அல்ல. கண்ணுக்குள் கிடக்கும் துகளைத் தழும்பு இறுக்கிப் பிடிக்காது. மண் அளவு துகள்கூட அசைந்து பார்வையைப் பறித்துவிடலாம். மூளைக்குள், முள்ளந்தண்டுக்குள், கழுத்தின் பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் என்றாலும் ஆபத்துத்தான். காலில் எலும்பு முறிவுக்கு வைத்த தகடும் ஆணியும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பொய்க்காலை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். இவை எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டியவர் கதிரியல் நிபுணர். நீங்களும் இல்லை, கடிதத்தில் பதில் எழுதும் நானும் இல்லை.

அவர் முடிவு செய்ய அவருக்குத் தெரிய வேண்டுமே! ஸ்கேனுக்கு முன் ஒரு படிவம் தருவார்கள், உடம்பில் உலோகம் உண்டா என்று அதில் கேட்டிருக்கும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு தொழிலாளி என்னிடம் பழைய கடதாசிகளுடன் வந்தார். தரகர் அவருக்காகப் படிவத்தை நிரப்பி, அந்தக் கேள்விக்கு “இல்லை” என்று போட்டிருந்தார். “ஆம்” என்று போட்டால் அன்றைய ஸ்கேன் தள்ளிப்போகும், தரகரின் கொமிசனும் தள்ளிப்போகும். நல்ல காலம், அறைக்கு வெளியில் நின்ற பெடியன் நெற்றிப்பொட்டில் தழும்பைக் கண்டு நிறுத்திவிட்டான். எக்ஸ்ரே எடுத்தால் கண்ணுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு துண்டு.

தரகரை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஆட்களும் மறைக்கிறார்கள். காயம் இருக்கிறது என்றால், எங்கே பட்டது, அப்போது யாருடன் நின்றாய் என்று அடுத்த கேள்வி வரும் என்று பயம். அந்தப் பயம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஸ்கேன் அறையில் தேவைப்படுவது எந்த இடத்தில் உலோகம் என்பது மட்டும். “பழைய காயம், உள்ளே இரும்பு இருக்கலாம்” என்றால் போதும். காயப்பட்டபோது தந்த துண்டுகள் அந்த மாதங்களில் தொலைந்திருக்கும், எல்லாருக்கும் தொலைந்தது. ஆகவே தலை, கண், கழுத்து, நெஞ்சு, காயம் உள்ள மற்ற இடங்களுக்குச் சாதாரண எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படங்களைக் கிளினிக் கொப்பியுடன் வையுங்கள். மாவட்ட வைத்தியசாலையில் இலவசமாக எடுக்கலாம். பிற்காலத்தில் முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எழுதினாலும் அது உதவும். சி.ரி. ஸ்கேனிலும் அந்த டோபமின் ஸ்கேனிலும் காந்தம் இல்லை, அவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

இன்னொன்று. அப்பா இப்போது குடிக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். தலைச்சுற்று என்று பாமசியில் சொன்னால் சின்னரிசின், புளுனரிசின் கொடுக்கிறார்கள், சத்திக்கு மெற்றோகுளோபிரமைட். சில நாளுக்கு என்று வாங்கியதை எங்கள் ஆட்கள் வருடக்கணக்கில் குடிப்பார்கள். இவை மூன்றும் அச்சொட்டாகப் பார்க்கின்சன் போலவே நடுக்கத்தையும் மெதுவையும் கொண்டுவரக்கூடியவை. நிறுத்திச் சில மாதங்களில் சுகமானவர்களும் உண்டு. கிளினிக்கில் கேட்டிருப்பார்கள் என்று நம்பாதீர்கள், மூன்று நிமிடத்தில் எதைக் கேட்பது? அதற்காகக் கிளினிக்கில் தந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பார்க்கின்சன் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு விறைத்துக் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்பா ரீவி பார்க்கும்போது கை நடுங்குவதையும் முற்றத்தில் நடப்பதையும் போனில் வீடியோ எடுத்துக் கொண்டுபோனால் நல்லது. டொக்டருக்கு முன்னால் நடுக்கம் ஒளித்துவிடும். இரவில் நித்திரையில் கத்துகிறார், கையைக் காலை வீசுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். சண்டை நினைவு என்று நாங்கள் ஒதுக்கிவிடுகிறோம். அதுவாகவும் இருக்கலாம், இந்த நோய்க்கு முன்கூட்டியே வரும் அறிகுறியாகவும் இருக்கலாம்.

முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். தராவிட்டாலும் பரவாயில்லை, அப்பாவின் பெயரில் ஏற்கெனவே ஏதாவது படிவம் நிரப்பியிருந்தால் அதை வாங்கி, உலோகக் கேள்விக்கு என்ன போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.