சித்தியின் சம்பளத்தை அந்தப் படிவம் கேட்காது

கேள்வி: சான் ஹோசேயில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே வரும் 11-ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி 12 வயதில் குவாத்தமாலாவிலிருந்து வந்தவள், அம்மாவின் தங்கை வீட்டில் வளர்கிறாள். குடிவரவு ஆவணம் எதுவும் இல்லை. குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஃபாஃப்சா படிவம் நிரப்பி உதவித்தொகை வாங்கித் தர ஒரு ஏஜென்ட் 900 டாலர் கேட்டு, 300 முன்பணமும் வாங்கிவிட்டார். தன் சம்பளம், ஆவணம் எல்லாம் கேட்பார்களோ என்று சித்தி பயப்படுகிறார். நாங்கள் வந்ததுபோல எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் அவள் படிக்க முடியாதா?

பதில்: மீதி 600 டாலரைக் கொடுக்கவே வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். ஃபாஃப்சா இலவசப் படிவம். அதைவிட முக்கியம், அது இவளுக்கான படிவமே இல்லை. அது நடுவண் அரசின் உதவிக்கானது; ஆவணமில்லாத மாணவருக்கு அங்கே ஒரு டாலர்கூடக் கிடையாது. இவள் நிரப்ப வேண்டியது கலிபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம். மாநிலத்தின் மாணவர் உதவி ஆணையம் நடத்துவது, அதுவும் இலவசம். சோஷியல் செக்யூரிட்டி எண் தேவையில்லை. 12-ஆம் வகுப்பு அக்டோபரில் தொடங்கி, மார்ச் 2-க்குள் முடிக்க வேண்டும்.

இந்த ஏஜென்ட் பலகையில் 'நோட்டாரியோ' என்று போட்டிருப்பாரா, பாருங்கள். குவாத்தமாலாவில் நோட்டாரியோ என்றால் சட்டம் படித்த வக்கீல், ஊரில் மதிப்புள்ளவர். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் நாம் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து முத்திரை வைப்பவர், அவ்வளவுதான். அந்தப் பட்டத்தை ஸ்பானிஷில் மொழிபெயர்த்து விளம்பரம் செய்யக்கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. ஆனாலும் கடைவரிசைகளில் பலகைகள் தொங்குகின்றன, கேட்பார் இல்லை. சித்தியை ஏமாளி என்று நினைக்காதீர்கள். அவர் ஊரில் அந்தச் சொல்லுக்கு உள்ள மரியாதையைத்தான் இவர்கள் திருடுகிறார்கள்.

பணம் போவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு பையன் பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொண்டுவந்த படிவத்தைச் சொல்கிறேன். பெரியம்மாவைத் தாய் என்று எழுதி, 'அமெரிக்கக் குடிமகன்' கட்டத்தில் டிக் அடித்திருந்தது. அனுப்பாமல் வந்தான், தப்பித்தான். குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னால், பின்னால் பச்சை அட்டைக்கு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, வழி திறக்கும் நாளில்கூட அது வாழ்நாள் தடையாக நிற்கலாம். ஏஜென்டுக்கு அது ஒரு டிக். பையனுக்கு அது வாழ்க்கை. அதனால் இவளுக்காக ஏற்கெனவே ஏதாவது அனுப்பியாகிவிட்டதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

சித்தியின் பயத்துக்கு வருகிறேன். வளர்த்தவர் வேறு, படிவத்தின் கண்ணில் பெற்றோர் வேறு. பெற்றவர்கள் அல்லது சட்டப்படி தத்தெடுத்தவர்கள் மட்டுமே பெற்றோர். ஐந்து வருஷம் சோறு போட்டிருந்தாலும் சித்தியின் பெயர், சம்பளம், குடிவரவு நிலை எதுவும் பெற்றோர் பகுதியில் வராது. குவாத்தமாலாவில் இருக்கும் அப்பா அம்மாவின் வருமானத்தை டாலராக மாற்றி எழுத வேண்டும், அவர்களில் ஒருவர் கையெழுத்தும் வேண்டும். அம்மா வாட்ஸ்அப்பில் பேசுகிறவர் என்றால் இது நடக்கிற காரியம். பெற்றோருடன் தொடர்பே இல்லை என்றால் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் நிலைமையை எழுதிக்கொடுத்து முடிவு கேட்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். கலிபோர்னியா நீதிமன்றம் சித்தியைச் சட்டப்பூர்வப் பாதுகாவலராக நியமித்திருந்தால் அவள் தனித்து நிற்கும் மாணவி. பெற்றோர் வருமானமும் வேண்டாம், சித்தியின் வருமானமும் வேண்டாம். பள்ளியில் சேர்க்கும்போது சித்தி கையெழுத்திட்ட தாளைக் காட்டி 'இதுதான் அந்த உத்தரவு' என்பார்கள். அது இல்லை. நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவு வேண்டும். பெற்றோர் கைவிட்ட பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட நீதிமன்ற உத்தரவு ஒரு குடிவரவு வழிக்கும் முதல் படியாகலாம். அதனால் 18 வயதாகும் முன் உண்மையான குடிவரவு வக்கீல் ஒருவரைப் பார்க்கட்டும்.

ட்ரீம் ஆக்ட் விவரங்கள் மாநிலத்திடம் இருப்பவை, நடுவண் அரசுக்கு அனுப்புவதில்லை. இந்தக் காலத்தில் எந்தப் படிவத்துக்கும் நூறு சதவீத உத்தரவாதம் நான் தர மாட்டேன். பயந்தால் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. முடிவு அந்தக் குடும்பத்துடையது.

எஃப்-1 நம்மவர்கள் எல்லோரும் கேட்பது. அந்த விசாவுக்கு அவள் நாட்டைவிட்டு வெளியே போக வேண்டும். 18 வயதுக்குப் பிறகு ஆவணமின்றி 180 நாளுக்கு மேல் தங்கி வெளியேறினால் 3 ஆண்டு, ஓராண்டுக்கு மேல் என்றால் 10 ஆண்டு திரும்பி வரத் தடை. அந்த யோசனையை அவள் காதில் போடாதீர்கள். அவளுக்கு உள்ள வழி 2001-இல் வந்த ஏபி 540 சட்டம். இங்கே மூன்று ஆண்டு பள்ளியில் படித்துத் தேறினால் உள்ளூர்க் கட்டணம். இல்லையென்றால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளியார் கட்டணமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடும். இதற்கான உறுதிமொழித் தாளைக் கல்லூரியிடம் கொடுத்தால் போதும். நான் சொல்வது கலிபோர்னியாவுக்கு மட்டும். டெக்சாஸில் இதே மாதிரிச் சட்டத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் நிறுத்திவிட்டது.

பணத்தைவிட எனக்குக் கவலை அவளுடைய பாடங்கள். பள்ளி முடித்ததற்குத் தரும் டிப்ளோமா வேறு, பல்கலைக்கழகம் கேட்கும் 'ஏ-ஜி' பாடங்கள் வேறு. 15 பாடங்கள், ஒவ்வொன்றிலும் சி-க்குக் குறையாமல். ஆங்கிலம் 4 ஆண்டு, கணக்கு 3. புதிதாக வந்த பிள்ளைகளை ஆங்கிலம் கற்கும் தனி வகுப்பில் போடுகிறார்கள். அதில் ஓராண்டுதான், அதுவும் உயர்மட்டத் தனி வகுப்பாக இருந்தால்தான், அந்த 4 ஆண்டு ஆங்கிலத்தில் சேரும். மேடையில் டிப்ளோமா வாங்கிய பிறகு 'நீ தகுதியில்லை' என்று கடிதம் வந்த பிள்ளைகளைப் பார்த்துச் சலித்துவிட்டேன். பள்ளியில் ஒரு ஆலோசகருக்கு 250 மாணவர் என்பது பரிந்துரை. அந்த அளவோடு நிறுத்திய பள்ளி எதையும் நான் பார்த்ததில்லை. யாரும் அவளைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். அடுத்த சனிக்கிழமை மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, ஏ-ஜி பட்டியலோடு நீங்களே விரல் வைத்து ஒப்பிடுங்கள். குறைகிற பாடத்தைக் கோடையில் சமுதாயக் கல்லூரியில் எடுத்துவிடலாம்.

பெயரையும் பாருங்கள். அவர்களுக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர். இனிஷியலோடு நாம் படும் பாடுதான். பள்ளி ஒன்றை விட்டுவிடும், பாஸ்போர்ட்டில் இரண்டும் இருக்கும். பள்ளி அனுப்பும் ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, ஒரு பெயரிலும் விண்ணப்பம் இன்னொரு பெயரிலும் போனால் 'கால் கிராண்ட்' (Cal Grant) என்னும் மாநில உதவித்தொகை அப்படியே நிற்கும். இப்போதே பள்ளி அலுவலகத்தில் திருத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, அவளுடைய அசல் பிறப்புச் சான்றிதழ் அந்த ஏஜென்டிடம் இருக்கிறதா? இருந்தால் முன்பணத்துக்கான ரசீதைக் கேட்பதற்கு முன் அதை வாங்குங்கள். கேட்டால் அசலைத் திருப்பித் தர வேண்டும் என்பது கலிபோர்னியாவில் குடிவரவு ஆலோசகர்களுக்கான சட்டம். சித்தியைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.