பற்றரி இல்லைத் தம்பி, ரிலேயைப் பாரும்

தம்பி, கனடாவுக்குப் படிக்க வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1994ஆம் ஆண்டு ஹொண்டா பிரிலூட் கார் ஒன்று மலிவாக வருகிறது என்று எழுதியிருந்தீர். ஓட்டிப் பார்த்தபோது நன்றாக ஓடியது, ஆனால் பெற்றோல் அடித்துவிட்டுத் திரும்ப எடுக்கப் பார்த்தால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எடுத்தது. விற்பவர் அது பற்றரி என்கிறாராம். வாங்கலாமா, காப்புறுதி எவ்வளவு வரும், கையால் கியர் போடுகிற காரைப் பனியில் ஓட்டுவது கஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்.

காப்புறுதிக்கு, காரின் அடையாள எண்ணைக் கொடுத்து வாங்க முதலே விலை கேளும். கியர் பழகிவிடும். நான் சொல்ல வேண்டியது அந்தப் பற்றரிக் கதையைப் பற்றித்தான்.

பற்றரி இறங்கினால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், அல்லது டக் என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். நல்ல வேகத்தில் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பற்றரியில் குறை இல்லை. பெற்றோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை. அதுவும் சூட்டில் மட்டும் வந்து, ஆறினதும் போகிறது என்றால், அந்தக் காலத்து ஹொண்டாக்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மெயின் ரிலே. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற சின்னப் பெட்டி அது. எஞ்சின் கணினிக்கும் பெற்றோல் பம்புக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகும். உள்ளே உள்ள மின்பலகையில் கம்பிக்கால்களைச் சுற்றி உருக்கி ஒட்டியிருக்கிற சோல்டர் ஈயம் வருடக்கணக்கில் சூடாகி ஆறி, ஆறிச் சூடாகி, மயிரளவு வெடித்துவிடும். கார் வெயிலில் நின்று உள்ளே சூடேறினால் அந்த வெடிப்பு விலகும், மின்சாரம் போகாது. கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தால் திரும்பச் சேரும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் தேவையில்லை. ரேடியோவை நிறுத்தும், கதவைச் சாத்தும். திறப்பை இரண்டாம் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் காதைக் கொடும். எஞ்சின் விளக்கு 2 செக்கன் எரிந்து அணைய வேண்டும். அதே 2 செக்கனும் பின் இருக்கைப் பக்கமிருந்து பம்ப் சுற்றுகிற மெல்லிய ஊங்காரம் கேட்க வேண்டும். கார் எடுக்காத நேரத்தில் அந்தச் சத்தம் இல்லை, எடுக்கிற நேரத்தில் இருக்கிறது என்றால் ரிலேதான் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். சத்தம் வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பொறி கொடுக்கிற பக்கத்தை, அதாவது டிஸ்ட்ரிபியூட்டரையும் இக்னைட்டரையும் கொயிலையும் பாரும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் வேகம் காட்டுகிற ஆர்.பி.எம். முள் கொஞ்சமும் துடிக்காவிட்டால் சந்தேகம் அந்தப் பக்கம்தான். விற்பவர் வீட்டு வாசலில் குளிர்ந்த காரை எடுத்துப் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடாக்கி, கண்ணாடி எல்லாம் ஏற்றி, வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு, அப்புறம் எடுத்துப் பாரும். அவர் அதற்கு விடமாட்டேன் என்றால் நடந்து வீட்டுக்கு வாரும்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் வாங்கிய காரும் பிரிலூட்தான், இதே வருத்தம்தான். நிலக்கீழ் அறையில் குடியிருந்து, இரவு வேலைக்குப் போய் வந்த காலம். பேருந்து ஓடாத நேரத்தில் வேலை முடியும் என்பதால்தான் காரே வாங்கினேன். முதல் கோடையிலேயே கழுத்தறுக்கத் தொடங்கியது. எங்கள் ஆள் ஒருவரின் கராஜுக்குக் கொண்டுபோனேன். தமிழ் கதைக்கிறார், நம்பிக்கையானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். முதலில் பற்றரி மாற்றினார். பிறகு ஸ்டார்ட்டர். பிறகு பெற்றோல் பம்ப். ஒவ்வொரு முறையும் கார் குளிர்ந்த பிறகுதான் எடுத்துக் காட்டுவார், அது எடுக்கும், நான் காசு கொடுப்பேன். புதிதாக வந்தவன் கேள்வி கேட்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. உம்மைப் போன்ற பிள்ளைகள் இரவு பகலாக உழைக்கிற காசு அப்படிப் போகக்கூடாது.

கடைசியில் உண்மையைச் சொன்னவர் என்னோடு வேலை செய்த ஒரு போர்த்துக்கீசக் கிழவர். வேலைத்தலத்து வாகனத் தரிப்பிடத்தில் என்னை ஆசனத்தில் உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் கேள் என்று கை காட்டினார். சத்தம் இல்லை. ரிலேயைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்து, மேசை விளக்குக்குக் கீழே பிடித்துக் காட்டினார். ஒரு காலைச் சுற்றி, வெள்ளிச் சோல்டரில் கறுப்பு நூல் கட்டிய மாதிரி வட்டமாக ஒரு கோடு. அந்த வட்டம்தான் என்னை ஒரு கோடை முழுக்கத் தெருவில் நிறுத்தியது. பழைய சோல்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கார் சூட்டில் மறுத்ததே இல்லை. அந்த இரவுதான் நான் ஸ்பானர் பிடிக்கத் தீர்மானித்தது. இன்று என் காருக்கு நான் மட்டும்தான் கை வைப்பேன்.

சரி, ரிலேக்காக அந்தக் காரை விட வேண்டாம். விட வேண்டிய காரணம் வேறு இருக்கலாம், அது கறள். இந்த நாட்டில் குளிர்காலம் முழுக்கத் தெருவில் உப்புக் கொட்டுவார்கள், அந்த உப்புத் தண்ணீர் கீழ்ப்பக்கம் முழுவதும் ஏறும். எஞ்சின் மாற்றலாம், கியர் பெட்டி மாற்றலாம். உடல் உக்கினால் கார் முடிந்தது. பின் சில்லுக்கு மேலே உள்ள வளைவின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாரும். பழைய ஹொண்டாக்களில் அங்கேதான் முதலில் பிடிக்கும். வெளியில் பெயின்ட் பளபளத்தாலும் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாரும். ஒட்டவில்லை என்றால் கீழே இரும்பு இல்லை, பூசிய மாவுதான். டிக்கி விரிப்பைத் தூக்கி உதிரிச் சில்லு வைக்கிற பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாரும். சன்ரூஃப் தண்ணீர் வடிகிற குழாய் அடைத்தால் அது உள்ளே இறங்கும், கறள் உள்ளிருந்து வெளியே வரும், வெளியில் தெரியும்போது காலம் கடந்துவிடும். பிரேக் எண்ணெய்க் குழாய்களைக் கட்டாயம் பாரும். தகடு தகடாக உரிந்து கிடந்தால், அந்தக் காரில் விற்பவரோடுகூட ஏற வேண்டாம்.

ஒன்ராறியோவில் பாதுகாப்புச் சான்றிதழோடு தருகிறேன் என்பார்கள். அது எழுதிய நாளிலிருந்து 36 நாட்களுக்குத்தான் செல்லும், அதுவும் பார்த்த அன்றைய நிலையை மட்டும் சொல்வது, உத்தரவாதம் இல்லை. பாவித்த வாகனத் தகவல் பொதி என்று அரசாங்கத்திடம் எடுத்து விற்பவர் தர வேண்டிய ஒன்று இருக்கிறது. அதில் முன்னைய சொந்தக்காரர்களும், காரின் மேல் கடன் இருக்கிறதா என்பதும் வரும். அதை வாசிக்காமல் காசைக் கையில் எடுக்க வேண்டாம். கடன் இருந்தால் அது காரோடு உமக்கு வந்து சேரும்.

எஞ்சினில் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தப்பாமல் ஓட்டுகிற டைமிங் பெல்ட்டை மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். இந்த எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை அடிக்கும், எஞ்சின் முடிந்தது. எஞ்சின் அதிர்வைக் குறைக்கிற பாலன்ஸ் ஷாப்ட்டுக்கும் தனியாக ஒரு பெல்ட் உண்டு, இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

எங்கள் சனம் உமக்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். பழைய கார் மரியாதை இல்லை, 84 மாதக் கடனில் பெரிய ஜீப் ஒன்று எடு என்பார்கள். படிப்பு முடிய முதலே அந்தக் கடனுக்கு அடிமையாகிப்போன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன், அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம். மற்றப் பக்கம், இதே காரை வாங்கி ஸ்பிரிங்கை வெட்டிப் பதித்து, சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புகிற பொடியன்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆலோசனை கேட்க வேண்டாம், அவர்கள் கை வைத்த காரையும் வாங்க வேண்டாம். ஹொண்டா அந்தக் காரைச் செய்த உயரத்திலேயே அது அழகாக வளையும்.

என் அபிப்பிராயம் இது: வகுப்புக்கும் வேலைக்கும் போக உமக்கு இது ஒன்றுதான் கார் என்றால், வாங்க வேண்டாம். முப்பது வருடக் கார் ஒரு நாள் காலையில் நிற்கத்தான் செய்யும், அன்றைக்குப் பரீட்சை இருக்கும். பேருந்து இருக்கிறது, கோடையில் மட்டும் இதை ஓட்டுவேன், குளிர்காலத்தில் உப்புப் படாமல் மூடி வைக்க இடம் இருக்கிறது, சனிக்கிழமைகளில் கீழே படுத்துப் பார்க்கப் பிரியம் இருக்கிறது என்றால் வாங்கும். அது போல ஒரு கார் இனி வராது. 1987இல் பின் சில்லும் திரும்புகிற பிரிலூட்டை விற்றவர்கள் ஹொண்டாக்காரர்கள்.

வாங்கினால் முதலில் எடுக்க வேண்டிய சாமான் ஜப்பானிய அளவு நட்சத்திர ஸ்குரூ டிரைவர். சாதாரண நட்சத்திர டிரைவர் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் முனை முழுதாக உட்காராது, வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். பிரேக் தட்டைப் பிடிக்கிற இரண்டு ஸ்குரூவும் கறளில் இறுகியிருக்கும். அதற்குச் சுத்தியலால் அடித்துத் திருப்புகிற இம்பாக்ட் டிரைவர் வேண்டும். 1996க்கு முந்தியது என்பதால் எஞ்சின் கணினியின் கோளாறுக் குறியீட்டை வாசிக்கிற கருவி வேண்டாம்: பயணி பக்கத்து டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு கம்பியோடு ஒரு நீல இணைப்பு இருக்கும். ஒரு கடதாசிக் கிளிப்பால் இரண்டையும் சேர்த்துத் திறப்பைப் போட்டால் எஞ்சின் விளக்கு சிமிட்டும். நீளச் சிமிட்டல் பத்து, குறுஞ்சிமிட்டல் ஒன்று. எண்ணி எழுதி அனுப்பும், பார்த்துச் சொல்கிறேன்.