சுத்தம் செய்பவர்களின் சம்பளம், நேரம், மரியாதை: சில கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை துப்புரவு வேலையைப் பற்றியவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் எங்கும் பொருந்துகிற மாதிரியே பதில் சொல்லியிருக்கிறேன். எண்ணோடு நான் குறிப்பிடும் உடன்படிக்கைகள் எல்லாம் சர்வதேச தொழிலாளர் அமைப்பு போட்டவை. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கட்டடத்தில் இரவு ஷிப்ட் வேலை. எட்டு மணி நேரம் என்றுதான் சேர்த்தார்கள். இப்போது இன்னொரு மாடியையும் தலையில் கட்டிவிட்டார்கள், ஆள் கூட்டவில்லை. முடிக்கப் பத்து மணி நேரம் ஆகிறது. "கையை வேகமாக ஓட்டு" என்கிறார் சூப்பர்வைசர். கூடுதல் சம்பளம் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்ற வரம்பு தொழிற்சாலைகளுக்கு 1919லேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையில் வந்துவிட்டது, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1930ன் உடன்படிக்கையில் வந்தது, இரண்டிலுமே ஓவர்டைமுக்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு கூலி என்று எழுதியிருக்கிறது. பல நாடுகளின் சட்டம் அதைவிட அதிகமாகவே தருகிறது.

ஆனால் உங்கள் விஷயத்தில் அவர்கள் நேரத்தைக் கூட்டியதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள், "வேலையைத்தான் கொடுத்தோம், நேரம் அவர் எடுத்துக்கொண்டது" என்பார்கள். இந்தத் துறையில் கூலி திருடப்படுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். அதனால் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எத்தனை மாடி, எத்தனை கழிவறை என்று எழுதி வையுங்கள். கூடுதல் மாடியைக் கொடுத்த அன்றைக்கே சூப்பர்வைசருக்கு மரியாதையாக ஒரு குறுஞ்செய்தி போட்டுவிடுவது நல்லது: "நீங்கள் சொன்னபடி ஆறாவது மாடியும் செய்கிறேன், இரண்டு மணி நேரம் கூடுதலாகிறது." பிற்பாடு புகார் என்று போனால் அந்தச் செய்திதான் பேசும்.

நிர்வாகத்திடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. கிருமிநாசினியை ஊற்றினால் அது சில நிமிடம் ஈரமாக அப்படியே இருந்தால்தான் வேலை செய்யும், எவ்வளவு நேரம் என்று புட்டியிலேயே போட்டிருக்கும். அவசரப்படுத்தினால் முதலில் அடிபடுவது அந்த ஊறும் நேரம். பீங்கான் பளபளக்கும், கிருமி அங்கேயே இருக்கும்.

ஓட்டலில் அறைக்கு இவ்வளவு என்று கூலி. மணிக்கணக்கே கிடையாது. இது சரியா?

அறைக் கணக்கில் கூலி கொடுப்பது மட்டுமே தவறாகிவிடாது. ஆனால் நீங்கள் உண்மையில் வேலை செய்த மணிகளால் வகுத்துப் பார்த்தால், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. இங்கே அறைக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மறைத்துவிடுகிறார்கள். தங்கியிருப்பவரின் அறையில் படுக்கையைச் சரிசெய்து துண்டு மாற்றினால் பாதி வேலை முடிந்தது. காலி செய்துவிட்டுப் போன அறையில் மெத்தை விரிப்பு எல்லாம் உரித்துப் போட வேண்டும், கட்டிலுக்கு அடியில் குனிந்து பெருக்க வேண்டும், குளியலறை ஓட்டில் முடி இல்லாமல் துடைத்தெடுக்க வேண்டும், குழந்தைகள் தங்கிய அறை என்றால் சுவரையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கணக்கு என்றால் அந்த வித்தியாசம் உங்கள் முதுகில் விழுகிறது.

பாரிஸின் பத்தினோல் பகுதியில் ஒரு பெரிய ஓட்டலின் அறைப் பணிப்பெண்கள் இதற்காகவே 2019 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்கள் ஓட்டலின் நேரடி ஊழியர்கள் இல்லை, துணை ஒப்பந்ததாரரின் ஆட்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். 2021 மே மாதம்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது, சம்பளம் கூடியது, மணிக்கு முடிக்க வேண்டிய அறைகள் குறைந்தன. அவர்களில் ஒருவரான ராஷேல் கேகே 2022ல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே தேர்வானார்.

மூன்று இடங்களில் சுத்தம் செய்கிறேன். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை.

ஒரே முதலாளி உங்களை அங்கும் இங்கும் அனுப்புகிறார் என்றால் அது அவருடைய நேரம். நிலையான பணியிடம் இல்லாதவர்கள் காலையில் முதல் வாடிக்கையாளரிடம் போகும் பயணமும் வேலை நேரம்தான் என்று 2015ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது (அந்த நேரத்துக்கு எவ்வளவு சம்பளம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிட்டது). உங்கள் நோட்டில் பயண நேரத்துக்குத் தனியாக ஒரு கட்டம் போடுங்கள்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவை வீட்டில் ஒருத்தராகத்தான் பார்க்கிறோம். லீவு, சம்பளம் எல்லாம் எழுதி வைத்தால் அந்நியமாகிவிடாதா?

ஆகாது. பாசத்தோடு இருங்கள், சந்தோஷம். ஆனால் அந்தப் பாசத்தைக் காட்டித்தான் நிறைய வீடுகளில் வார விடுமுறையை விழுங்குகிறார்கள், உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்பதால் எழுதி வைப்பதில் தயங்க ஒன்றுமில்லை. வீட்டுப் பணியாளர்களுக்காகவே 2011ல் வந்த 189ஆம் உடன்படிக்கையைப் பாருங்கள்: வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு, மாதம் ஒருமுறையாவது நேரடியாகக் கையில் சம்பளம், அடையாளச் சான்றுகள் அவரிடமே இருக்க வேண்டும், ஓய்வு நாளில் உங்கள் வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது.

அந்தக் காகிதத்தில் இல்லாவிட்டாலும் நான் வலியுறுத்துவது இரண்டு. நீங்கள் குடும்பத்தோடு வெளியூர் போகும் நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள், வேலை இல்லாமல் போனது உங்களால்தான். உடைந்த தட்டுக்கும் பிடிக்காதீர்கள்.

கழிவறைக் கறை போக பிளீச்சையும் ஆசிட்டையும் கலந்து ஊற்றச் சொல்கிறார்கள். கண் எரிகிறது, இருமல் நிற்கவில்லை.

உடனே நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. பிளீச்சோடு அமோனியா சேர்ந்தாலும் விஷவாயுதான். இருமல் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய், எதை எதைக் கலந்தீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கலக்காமல் இருந்தாலும் வருடக்கணக்கில் மூச்சில் போவது சும்மா விடாது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறாயிரம் பேருக்கு மேல் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், சுத்தம் செய்யும் பெண்களின் நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ஸ்பிரேயைக் காற்றில் அடிக்காமல் துணியில் ஊற்றித் துடையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பெயர் ஒட்டாத புட்டியை வாங்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் முதலாளி செலவு. பாதுகாப்புக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று 1981ன் 155ஆம் உடன்படிக்கையே சொல்கிறது.

காண்ட்ராக்டர் இரண்டு மாதச் சம்பளத்தைத் தராமல் போய்விட்டார். கட்டட நிர்வாகம் "நீங்கள் எங்கள் ஆட்களே இல்லை" என்கிறது.

கோபம் வருகிற கேள்வி இது. துப்புரவு ஒப்பந்தத்தில் பெரிய செலவே ஆள் கூலிதான், இயந்திரமும் மருந்தும் அதற்குப் பக்கத்தில் வராது. அப்படியிருக்க, எத்தனை பேர், எத்தனை மணி, குறைந்தபட்சக் கூலி என்று பெருக்கி வரும் தொகைக்கும் கீழே ஒருவர் டெண்டர் போட்டு, அதை நிர்வாகம் ஏற்றுக்கொண்டால், யாரோ ஒருவருக்குச் சம்பளம் போகாது என்று கையெழுத்துப் போடும்போதே தெரியும்.

லாஸ் ஏஞ்சலஸின் செஞ்சுரி சிட்டியில் 1990 ஜூன் 15 அன்று போலீஸ் தடியடி வாங்கிய துப்புரவுத் தொழிலாளர்கள் காண்ட்ராக்டரோடு மட்டும் மல்லுக்கட்டவில்லை, கட்டட உரிமையாளர்களின் வாசலுக்கே போனார்கள், கடைசியில் சங்கமும் ஒப்பந்தமும் கிடைத்தன. நீங்களும் இரண்டு பேருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்ததாரர் தராவிட்டால் வேலை வாங்கியவரே தர வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நுழைவுப் பதிவேடு, அடையாள அட்டை, சீருடையோடு எடுத்த படம், இவை கையில் இருக்கட்டும். கூட வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள். புகாருக்குக் காலக்கெடு உண்டு, இந்த வாரமே போங்கள்.