பொது ஊடகத்துக்கும் தனியார் ஊடகத்துக்கும் அரசு பணம் தரும் முறை எவ்வாறு வேறுபடுகிறது?

பொது ஊடகம் என்பது மக்கள் பணத்தில், சட்டமோ சாசனமோ வகுத்த கடமையோடு இயங்கும் ஒலிபரப்பு நிறுவனம். அதற்குரிய நிதி ஆண்டு முழுவதும் நிறுவனத்தை நடத்தவே தரப்படுகிறது. பிரிட்டனில் பிபிசி பெரும்பாலும், தொலைக்காட்சி பார்க்கும் வீடுகள் செலுத்தும் உரிமக் கட்டணத்தால் இயங்குகிறது. ஜெர்மனியில் 2013 முதல் வீட்டுக்கு ஒரு பங்களிப்பு என்று வசூலிக்கிறார்கள். இந்தியாவில் தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதிக்கு மத்திய அரசு மானியம் தருகிறது. தனியார் ஊடகத்துக்கு அரசு முக்கியமாக விளம்பரம் வழியாகவே பணம் தருகிறது: தடுப்பூசி முகாம் அறிவிப்போ ஒப்பந்தப்புள்ளியோ வெளியாகும் இடத்துக்கும் நேரத்துக்கும் மட்டும் கட்டணம்.

சாலையைப் பராமரிக்க வரி செலுத்துவதற்கும் அதில் ஒரு பயணத்துக்கு வாடகை வண்டி பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. வாடகை வண்டி ஆள் இருக்கும் இடத்துக்குத்தான் வரும். புயல் எச்சரிக்கையோ, விளம்பரதாரர் திரும்பிப் பார்க்காத தொலைதூர ஊர்களுக்கும் சிறுபான்மை மொழியினருக்கும் போய்ச்சேர வேண்டும் என்பதாலேயே நிலையான நிதி தேவைப்படுகிறது. ஆனால் இரண்டு வழியிலும் அழுத்தம் நுழையலாம். விமர்சிக்கும் நாளிதழுக்கு விளம்பரத்தை நிறுத்துவது அதில் மிக எளிதானது, மிக மோசமானதும்கூட.

பொது ஊடகம் என்றாலே அரசின் ஊதுகுழல் என்று பலர் எண்ணுகிறார்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவும் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது.