நடப்பது, பேசுவது, மூச்சு விடுவது என எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்போது எதற்கு முதலிடம் என்று மனம் எப்படித் தீர்மானிக்கிறது?

பெரும்பாலானவற்றை மனம் தீர்மானிப்பதே இல்லை. மூச்சின் தாளம் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பிறக்கிறது. கால்களை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும் தாளத்துக்கான நரம்புச் சுற்றுகள் தண்டுவடத்திலேயே இருக்கின்றன. மேலிருந்து "போ", "நில்" என்று உத்தரவு வந்தால் போதும், மற்றதை அவை பார்த்துக்கொள்ளும்.

சில முன்னுரிமைகள் உடலிலேயே எழுதப்பட்டவை. விழுங்கும் நேரத்தில் மூச்சு தானாகவே ஏறக்குறைய ஒரு நொடி நின்றுவிடும். நின்றபடி ஒரு கையைச் சட்டென்று முன்னால் தூக்கினால், தோள் தசைக்கு முன்பே தொடையின் பின்பக்கத் தசை இறுகிவிடுகிறது! கையின் எடை உடலை முன்னால் இழுக்கும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. இந்தக் கணக்கில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. (எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் நரம்பணுக்களில் பாதிக்கும் மேல் அங்கேதான்.)

இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் கவனத்தைக் கேட்கும்போதுதான் சிக்கல். மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்ற நரம்பணுத் தொகுதி பொதுவாக எல்லா அசைவுகளையும் பிடித்து வைத்திருக்கிறது. தேவையானதன் பிடியை மட்டும் தளர்த்துகிறது. அதாவது, ஒன்றைச் செய் என்பதைவிட மற்றதெல்லாம் இப்போது வேண்டாம் என்பதே அங்கே பெரிய வேலை. பார்க்கின்சன் நோயில் இந்தத் தளர்த்தல் சிரமப்படுவதால் முதல் அடி எடுத்து வைப்பதே பாடாகிவிடுகிறது.

முதியவர்களுக்கு நடைப் பயிற்சி கொடுப்பது என் தொழில். கூடவே நடந்தபடி சும்மா ஏதாவது கேட்பேன். சிலர் பதில் சொல்வதற்காக நின்றுவிடுவார்கள். அப்படி நிற்பவர்கள் பிற்பாடு கீழே விழும் வாய்ப்பு அதிகம் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1997இல் லான்செட் இதழில் எழுதினார்கள். உண்மைதான், ஆனால் நின்றதே ஒரு நல்ல முடிவு என்பேன்: இரண்டும் முடியாது என்று தெரிந்து மூளை ஒன்றை விட்டுக்கொடுக்கிறது. எனக்கு அதிகக் கவலை, பேச்சை விடாமல் தடுமாறிக்கொண்டே நடப்பவர்களைப் பற்றி. பார்க்கின்சன் உள்ளவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். நடக்கும்போது வாயைத் திறக்காதீர்கள் என்றுதான் அவர்களுக்கு முதலில் சொல்வேன். நடை நிதானப்பட்ட அப்புறம், பின்னோக்கி எண்ணுவது போன்ற எளிய வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்போம், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் வைத்துக்கொண்டு.