நாற்பது வினாடி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்கார்பரோவில் இருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 13 வயது. போட்டி ஐஸ் ஹாக்கியில் விங் ஆடுகிறான். 40 நிமிட ஆட்டம், அணியில் மூன்று லைன்; ஒரு லைனுக்கு மூன்று ஃபார்வர்டுகள் (முன்கள ஆட்டக்காரர்கள்), மாறி மாறி இறங்குவார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறிக்கிறேன். இறங்கி 40 வினாடி ஆவதற்குள் கோச் கத்திக் கூப்பிட்டுவிடுகிறார், இவனும் வந்துவிடுகிறான். மொத்தம் 13 நிமிடம்தான் கிடைக்கிறது. இப்படி உட்கார வைத்தால் பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லுக்கு எப்படிப் போவான்? கிளப்பை மாற்றலாமா? பிறகு ஒண்டாரியோ ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல். நல்லதா, அமெரிக்கக் கல்லூரி அணியா?

க.

அன்புள்ள க.,

ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவர் ஒரு வகுத்தலும் போட்டுப் பார்த்திருக்கலாம். 40 நிமிடம், மூன்று லைன். தலைக்கு 13 நிமிடம் 20 வினாடி. உங்கள் பையனுக்கு வரவேண்டிய பங்கு வந்திருக்கிறது. என்.எச்.எல்.லில் ஆட்டத்துக்கு 12 ஃபார்வர்டுகள்; 60 நிமிடத்தைச் சமமாகப் பிரித்தாலே ஆளுக்கு 15தான். நான்காவது லைன்காரர் பலருக்கு எட்டு, பத்து நிமிடம்தான் கிடைக்கும்.

என்.எச்.எல். போவானா? 13 வயதுப் பையனைப் பார்த்து அதைச் சொல்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆண்டுக்கு 224 பேரை எடுக்கிறார்கள், அதுவும் உலகம் முழுவதிலிருந்தும். 1993இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட அலெக்ஸாந்த்ர் டேக் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. எந்த அணியும் எடுக்காத மார்ட்டின் சான் லூயி 2004இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் ஸ்டான்லி கோப்பையையும் ஒரே சீசனில் வாங்கினார். அதை விடுங்கள்.

நீங்கள் குறையாக எழுதிய அந்த 40 வினாடியைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக எனக்கே யோசனை. கோலைத் திரும்பத் திரும்பக் காட்டுகிற தொலைக்காட்சி, ஆள் மாறுவதைக் காட்டுவதே இல்லை. ஒருவன் பத்து வருடம் தொழில்முறையில் தாக்குப்பிடிப்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முழு வேகத்தில் ஓடத் தசையில் இருக்கும் கைச்சரக்கு பத்து வினாடியில் தீர்ந்துவிடும். அதற்குமேல் பெரும்பாலும் ஆக்ஸிஜன் இல்லாமல் சர்க்கரையை எரித்து ஓடுகிறான். 40, 45 வினாடியில் தொடை கனக்கும். முதலில் மடங்கியிருந்த முழங்கால் நிமிரும், உந்தல் குட்டையாகும். இரண்டு கையால் பிடித்திருந்த ஸ்டிக் ஒரு கைக்குப் போகும். துரத்த முடியாமல் அந்த ஸ்டிக்கை நீட்டி எதிராளியின் இடுப்பில் கொக்கி போடுவான். இரண்டு நிமிடப் பெனால்டி; அதுவரை அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். பனியில் ஒன்றரை நிமிடம் நின்றுவிட்டு வந்தவனுக்கு அடுத்த ஷிஃப்டுக்குள், அதாவது அடுத்து இறங்கும் முறைக்குள், கால் திரும்பாது; அவனோடு இறங்க வேண்டிய மற்ற இருவரின் ஷிஃப்டும் கெடும்.

வெளியே வருவதற்கும் முறை உண்டு. பக் (ரப்பர் வட்டு) எதிரணியின் ஆழத்தில் இருக்க வேண்டும். நடுச் சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டும். தாண்டாமலே எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் போகும்படி அடித்தால் ஐசிங் என்ற தவறு. 2005-06 சீசனிலிருந்து என்.எச்.எல்.லில் ஐசிங் செய்த அணி ஆள் மாற்றக் கூடாது. களைத்துப்போன அதே ஐந்து பேர் தங்கள் கோல் பக்கத்திலேயே ஃபேஸ்ஆஃப் (நடுவர் இருவருக்கிடையே பக்கைப் போடுவது) எடுக்க வேண்டும். வருகிறவன் பெஞ்சிலிருந்து ஐந்தடிக்குள் வந்த பிறகே அடுத்தவன் குதிக்க வேண்டும். முந்திக் குதித்து ஆட்டத்தில் கலந்துகொண்டால் ஆள் அதிகம் என்று இரண்டு நிமிடம் போகும். வருகிறவன் கதவு வழியாக, போகிறவன் பலகையைத் தாண்டி என்று பழக்கினால் இருவரும் மோதிக்கொள்ள மாட்டார்கள். எதிரணி பக்கோடு நம் பக்கம் பாய்கிறபோது மட்டும், மூச்சு நின்றாலும் மாறக் கூடாது.

ஆட்டத்தின் மூன்று பகுதியில் இரண்டாவதுதான் பொல்லாதது. பக்கம் மாறியதும் நம் பெஞ்ச் நம் கோலிலிருந்து தூரமாகிவிடும். தற்காப்பில் சிக்கியவன் வெளியே வர வழியில்லாமல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மாட்டிக்கொள்வான். முதல் பகுதியில் 45 வினாடி நின்றவன் இங்கே 35இலேயே கிளம்பத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜே பீகிள் என்றொரு சென்டர். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2007இல் ஐடஹோ அணியோடு மூன்றாம் அடுக்கான ஈ.சி.எச்.எல். கோப்பை, ஹெர்ஷி அணியோடு இரண்டாம் அடுக்கான ஏ.எச்.எல். கோப்பை இரண்டு முறை, 2018இல் வாஷிங்டனோடு ஸ்டான்லி கோப்பை. மூன்று அடுக்கிலும் கோப்பை வென்ற முதல் ஆள். கோல் குவித்ததனாலா? இல்லை. தன் கோல் பக்கத்து ஃபேஸ்ஆஃபை ஜெயித்து, பெனால்டி நேரத்தில் அடியைத் தன் உடம்பால் மறித்து, பக்கை வெளியே தள்ளிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பியதனால். அந்த வேலைக்குத்தான் வான்கூவர் அவருக்கு நான்கு வருடத்துக்கு 1.2 கோடி டாலர் கொடுத்தது.

அடுக்குகளுக்கு நடுவே தொங்குகிறவர்களின் ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம் எழுதியிருக்கும். 2025-26இல் மேலே குறைந்தபட்சம் 7,75,000 டாலர். கீழே அனுப்பினால் அதில் சிறு பங்கு. இரண்டு வாரத்துக்கென்று மேலே கூப்பிடப்பட்டவன் களைத்த காலோடு ஒரு கோல் விட்டால் மறுநாள் பஸ்ஸில் கீழே போவான். ஒவ்வொருவரும் எத்தனை ஷிஃப்ட், எத்தனை வினாடி என்று லீக்கே ஆட்டத்துக்கு ஆட்டம் வெளியிடுகிறது. உங்களைவிடக் கறாரான ஸ்டாப்வாட்ச் அங்கே இருக்கிறது, ஆனால் அது நீண்ட ஷிஃப்டைத்தான் குற்றமாகக் குறிக்கும்.

பையன் கோச் கூப்பிட்டதும் வருகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 13 வயதில் அது லேசான காரியமில்லை. கோல் அடிக்கிற ஆசையில் இன்னொரு சுற்றுப் போகிற பிள்ளைகள்தான் அதிகம். உங்கள் பிள்ளை நன்றாகக் கற்றுக்கொள்கிறான், ஐயா. காரில் வீடு திரும்பும்போது நிமிடக் கணக்கைச் சொல்லி அதைக் கெடுத்துவிடாதீர்கள். கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று "இன்னும் இரு, இன்னும் இரு" என்று கத்துகிறவராக இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கோச்சுக்கு எந்தப் பையனும் ஆட முடியாது.

கிளப்பை மாற்ற நீங்கள் சொன்னதில் ஒரு காரணமும் இல்லை. ஓ.எச்.எல்., கல்லூரி விஷயத்தில் 2025-26இலிருந்து விதி தளர்ந்துவிட்டது: ஓ.எச்.எல். ஆடியவனும் அமெரிக்கக் கல்லூரி அணியில் சேரலாம். ஓ.எச்.எல். டிராஃப்ட் வருவதற்கே அவனுக்கு இன்னும் இரண்டு, மூன்று வருடம் இருக்கிறது. அதுவரை பள்ளிக்கூட மதிப்பெண் மட்டும் சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கல்லூரிக்காரர்கள் அதைக் கேட்பார்கள்.